சைகோனிலிருந்து வந்த தொப்பி எங்கே முடையப்பட்டது?

கேள்வி: என் தாத்தா காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் போய், அங்கே பிரெஞ்சு அரசின் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1930-களின் கடைசியில் அவர் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஓலைத் தொப்பி ஒன்று, பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் அண்மையில் கிடைத்தது. உட்புறத் தோல் பட்டையில் 'அசல் பனாமா' என்று பிரெஞ்சு மொழியில் பொன்னெழுத்துகள் இருக்கின்றன. பாரிஸ் கடை ஒன்றின் பெயரும் 56 என்ற எண்ணும் உள்ளன. அது சைகோனில் செய்தது என்கிறார் என் சித்தப்பா. பனாமா நாட்டில் செய்தது என்கிறான் என் மகன். நம் ஊர்ப் பனையோலையாக இருக்குமோ என்பது என் சந்தேகம். படங்கள் அனுப்பியிருக்கிறேன். எது சரி? – ஒரு வாசகி, காரைக்கால்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய பதினொரு படங்களையும் பெரிதாக்கி, ஒவ்வொன்றையும் பலமுறை பார்த்தேன். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த ஐந்தாம் படமும், உச்சியை நேர் மேலிருந்து எடுத்த ஏழாம் படமும் இல்லாமற் போயிருந்தால் இந்தப் பதிலை எழுதியிருக்க முடியாது. முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தாவின் தொப்பி சைகோனில் முடையப்பட்டதன்று, பனாமாவில் முடையப்பட்டதுமன்று, அதன் இழை பனையோலையும் அன்று. தென் அமெரிக்காவில் பசிபிக் கரையோரம் இருக்கும் ஈக்வடார் நாட்டில், பெரும்பாலும் குவெங்கா நகரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் ஒன்றில் அது முடையப்பட்டிருக்க வேண்டும். பிறகு பிரான்சில் வடிவமும் பட்டையும் பெற்று, கப்பலேறிச் சைகோன் கடைக்கு வந்திருக்க வேண்டும். இழை எந்தச் செடியுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. நாட்டைப் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்வேன். ஊரைப் பற்றிச் சொல்வது தகுந்த ஊகம் மட்டுமே. இந்த மூன்றையும் ஒரே உறுதியோடு சொல்பவர்களை நம்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொன்னெழுத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டு விவாதம் முழுவதும் அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. கையால் முடையப்படும் ஓலைத் தொப்பிகளில் முடைபவர் ஒருவர், முடிப்பவர் வேறொருவர். முடைபவர் கையிலிருந்து வெளியேறுவது வடிவம் இறுதியாகாத, பட்டையும் நாடாவும் இல்லாத, மணியைக் கவிழ்த்தது போன்ற ஒரு கூடுதான். அந்தக் கூடுகள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டுப் பாரிஸ், லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களுக்குப் போகும். அங்கே மர அச்சில் ஏற்றி, நீராவி காட்டி, அழுத்தி வடிவம் கொடுத்து, உள்ளே தோல் பட்டையும் வெளியே பட்டு நாடாவும் தைத்து, கடையின் பெயரைப் பொன்னில் பொறிப்பார்கள். சட்டைக் காலரில் தையற்கடைக்காரர் வைத்துத் தைத்த சீட்டைப் பார்த்து, அந்தத் துணி எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும். உங்கள் தொப்பியின் பட்டை இரண்டு செய்திகளைத்தான் நம்பகமாகச் சொல்கிறது. முடிக்கும் வேலை பிரெஞ்சுச் சந்தைக்காக நடந்திருக்கிறது என்பது ஒன்று. 56 என்பது தலையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறிப்பது என்பது மற்றொன்று. ஆங்கிலேயக் கடைகளில் அதே தலைக்கு 7-ஐ ஒட்டிய ஓர் எண்ணைப் பொறித்திருப்பார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குச் சொந்த அனுபவமும் காரணம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு குடும்பத்தின் பழம்பொருள்களுக்குப் பட்டியல் எழுதியபோது, பட்டையில் பனாமா என்று பொறித்திருந்த தொப்பி ஒன்றை அந்தப் பெயரிலேயே பதிவு செய்தேன். பிறகு ஒருநாள், பட்டைக்குப் பின்னால் அறுந்து நீட்டிக்கொண்டிருந்த இழைத் துண்டு ஒன்றைத் தனியே எடுத்து, ஊசிமுனையால் ஒரு துளி நீரை அதன்மீது வைத்தேன். இழையின் முறுக்கு மெல்ல மெல்ல அவிழ்ந்து, என் கண் முன்னே அது ஒரு தட்டையான காகித நாடாவாக விரிந்தது. அது டோயோ என்று அழைக்கப்படும், முறுக்கிய காகித இழையால் முடைந்த தொப்பி. 1920, 1930-களில் ஜப்பானிலிருந்தும் அப்போது அதன் ஆட்சியில் இருந்த தைவானிலிருந்தும் அவை பெருமளவில் ஏற்றுமதியாயின. பதிவேட்டில் நான் எழுதியதை அடித்துத் திருத்தினேன். அன்று முதல், பட்டையைப் படிப்பதற்கு முன் இழையைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆகவே இழைக்கு வருவோம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்று, கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்வதைப் போன்றது, இந்த வேலைக்குப் போதும். பனையோலை உங்களுக்குப் பழக்கமான பொருள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பனையின் குருத்தோலையை எவ்வளவு மெல்லியதாகக் கிழித்தாலும் அது தட்டையாகவே இருக்கும். நீளவாக்கில் நரம்புகள் இணைகோடுகளாக மேலெழுந்து தெரியும். மணப்பாட்டில் முடையப்படும் பெட்டி எதையாவது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அந்தக் கோடுகள் விரல் நுனிக்கே தட்டுப்படும். தாழை ஓலை அதைவிட மென்மையானது, அகலமாகக் கிழிக்கப்படுவது. ஜாவாவிலிருந்து ஏற்றுமதியான தொப்பிகள் பலவற்றில் அதையோ மூங்கிலையோ காணலாம். தைவானின் தாஜியா பகுதித் தொப்பிகள் நம் பாய்க் கோரையின் உறவான ஒரு புல்லால் முடையப்பட்டவை. அந்த இழை கோரைக்கே உரிய பசுமஞ்சள் நிறத்தோடு இருக்கும்.

உங்கள் தொப்பி விஷயத்தில் உண்மையாகவே குழப்பம் தரக்கூடிய போட்டியாளர் பிலிப்பைன்ஸ்தான். அங்கே லூசோன் தீவில் பாலிவாக், லுக்பான் ஆகிய ஊர்களில் புந்தல் என்ற நாரால் மிக நேர்த்தியான தொப்பிகளை முடைகிறார்கள். புரி என்னும் பெரிய பனையின் இலைக்காம்புக்குள்ளிருந்து உருவி எடுக்கப்படும் நார் அது. தொப்பி வணிகர்கள் ஒரு காலத்தில் இதைப் 'பாங்காக்' என்ற பெயரில் விற்றார்கள். இந்த வணிகத்தில் ஊர்ப் பெயர்கள் எவ்வளவு தாறுமாறாக ஒட்டப்பட்டன என்பதற்கு அதுவே போதிய சான்று. தென்கிழக்காசியக் கடல்வழியில் இருக்கும் சைகோனுக்குப் பாரிஸைவிடப் பிலிப்பைன்ஸ் எவ்வளவோ பக்கம் என்பதால், படங்களைப் பார்ப்பதற்கு முன் என் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆனால் புந்தல் நார் இறுகிய மேனியும் பட்டு போன்ற மினுமினுப்பும் கொண்டது, பிளவோ மடிப்போ இல்லாத கம்பி போன்றது. உங்கள் ஐந்தாம் படத்தில் தெரியும் இழை அப்படி இல்லை. அதன் நீளவாக்கில், மயிரிழை அளவுக்கு ஒரு கோடு ஓடுகிறது. அது நரம்பன்று. ஒரு மெல்லிய தட்டைக் கீற்று, காயும்போது இரு விளிம்புகளும் உள்நோக்கிச் சுருண்டு, ஏறத்தாழ உருண்டையாகிவிட்டதனால் உண்டான பொருத்து.

அந்தச் சுருளல் தோக்கியா என்ற இழையின் இயல்பு. செடியின் அறிவியல் பெயர் கார்லுடோவிக்கா பால்மாட்டா. பார்வைக்கு விசிறிப் பனை போலத் தோன்றினாலும் அது பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நாம் பனையில் குருத்தோலையை எடுப்பதைப் போலவே அங்கும் விரியாத இளங்குருத்தைத்தான் வெட்டுகிறார்கள். புற ஓரங்களையும் கடினமான பகுதிகளையும் நீக்கிவிட்டு, உள்ளே இருக்கும் இளம் கீற்றுகளைக் கொதிநீரில் வேகவைத்து, கொடியில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். விளிம்புகள் சுருள்வது அந்த நேரத்தில்தான். பின்னர் கந்தகப் புகையில் வெளுக்கவைப்பதால் தந்த நிறம் வரும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேன் நிறத்துக்கு மாறும். உங்கள் தொப்பியின் நாடா மூடியிருந்த இடம் வெளிறியும் மற்ற இடங்கள் பழுப்பேறியும் இருப்பது இந்த மாற்றத்தினால்தான். அதை அழுக்கு என்று நினைத்துத் துடைக்க முற்படாதீர்கள்.

பிரெஞ்சுப் பட்டையோடு பொருந்தக்கூடிய மற்றொரு வாய்ப்பையும் நான் விலக்க வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லொரேன் பகுதியில், கியூபாவிலிருந்து வரவழைத்த பனையோலையைக் கொண்டு தொப்பிகளை முடைந்து, அவற்றையும் பனாமா என்றே விற்றார்கள். அவை உண்மையான பனை வகையின் ஓலை என்பதால் நரம்புக் கோடுகள் தெளிவாக இருக்கும். உங்கள் இழையில் அவை இல்லை.

இனி உச்சி. பாய் முடைபவரும் பெட்டி முடைபவரும் தொடக்கத்தைப் பார்த்தே கைவரிசையைச் சொல்லிவிடுவார்கள், தொப்பிக்கும் அது பொருந்தும். ஏழாம் படத்தில், உச்சியின் நட்டநடுவே சில இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து ஒரு சிறு சதுரமாக இருக்கின்றன. அங்கிருந்து பின்னல் வட்டமாக விரிகிறது. வட்டம் பெரிதாகப் பெரிதாக இழைகள் போதாமற்போகும் அல்லவா? அப்போது புதிய இழைகளைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். சேர்த்த இடங்கள், குளத்தில் கல் விழுந்த அலைபோல, ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளையங்களாகத் தெரியும். தொப்பியை உள்ளிருந்து கைபேசி விளக்கால் ஒளியூட்டிப் பார்த்தால் அவற்றை நீங்களே எண்ணலாம். ஒரு முழுத் தொப்பியும் இப்படித் தையலே இல்லாமல் ஒரே துணியாக வளர்கிறது என்பதே இந்தக் கலையின் அருமை. நீண்ட சடையைப் பின்னி, அதைச் சுருள் சுருளாக வைத்துத் தைக்கும் இத்தாலியப் பாணித் தொப்பிகளில் வளையங்கள் இருந்தாலும், கண்ணாடியில் தையல் நூல் தெரிந்துவிடும். உங்களுடையதில் நூல் எங்கும் இல்லை.

விளிம்பைப் பொறுத்தவரை ஒரே ஒரு குறிப்புப் போதும். ஒன்பதாம் படத்தில் இழைகள் விளிம்பில் மடங்கி, மீண்டும் உள்நோக்கிப் பின்னலுக்குள்ளேயே செருகப்பட்டிருக்கின்றன. மலிவான தொப்பியில் விளிம்பை வெட்டி, நாடாவால் மூடி, இயந்திரத்தில் தைத்துவிடுவார்கள். அந்தக் குறுக்குவழி இங்கே இல்லை.

தோக்கியா இழையும் நடுவிலிருந்து விரியும் முடைதலும் ஈக்வடாருக்கு மட்டுமே உரியவை அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொலம்பியாவில் சந்தோனாவிலும் அகுவாதாசிலும் இதே செடியை இராக்கா என்ற பெயரில் முடைகிறார்கள். பெருவில் கதகாவோஸ் இருக்கிறது. மெக்சிகோவின் பெக்கால் ஊரில், இழை உலர்ந்து ஒடியாமல் இருப்பதற்காக, நிலத்தடிக் குகைகளின் ஈரத்தில் உட்கார்ந்து முடைகிறார்கள். அங்கே அந்தத் தொப்பியின் பெயரே ஹிப்பி, அது ஈக்வடாரின் ஹிப்பிஹாப்பா என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. இத்தனை இருந்தும் நான் ஈக்வடாரைச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, உங்கள் தொப்பியின் பின்னல் வகை. கடற்கரையை ஒட்டிய மனாபி மாநிலத்தில், மோன்டெகிரிஸ்தி ஊரில், மீனின் முள்ளைப் போலச் சாய்கோடுகள் தெரியும் நெருக்கமான பின்னல்தான் பெரும்பாலும் வழக்கம். உங்களுடையதில் சிறு சிறு சதுரங்கள் சாய்ந்து நின்று வைரக்கட்டம் போலத் தெரிகின்றன. பிரிசா என்று அழைக்கப்படும் இந்தப் பின்னல், குவெங்கா பகுதியின் அடையாளமாகவே அறியப்பட்டது. இரண்டாவது காரணம் வணிகம். 1930, 1940-களில் உலகச் சந்தைக்குப் போன இத்தகைய தொப்பிகளில் மிகப் பெரும்பங்கு குவெங்காவைச் சுற்றியுள்ள அசுவாய், கன்யார் மாநிலங்களிலிருந்தே வந்தது. 1940-களின் நடுவில் ஈக்வடாரின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களுள் தொப்பியும் ஒன்றாக இருந்தது.

அங்கே முடைபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செடி வளர்வது கீழே வெப்பமான கடலோரத்தில், முடைவது மேலே குளிர்ந்த மலையில். இழைக் கட்டுகள் மலையேறி வரும். சந்தைக்கு நடந்து போகும்போதும், ஆடு மேய்க்கும்போதும், பேசிக்கொண்டிருக்கும்போதும் அவர்கள் விரல்கள் முடைந்துகொண்டே இருக்கும். மோன்டெகிரிஸ்தியிலோ, மிக நுண்ணிய தொப்பியை முடைபவர், மரக்கட்டை மீது வைத்த கூட்டின் மேல் மார்பைச் சாய்த்துக் குனிந்து நின்றபடி, காற்றில் ஈரம் இருக்கும் காலையிலும் மாலையிலும் மட்டுமே வேலை செய்வார். ஒன்றை முடிக்க மாதங்கள் பிடிக்கும். 2012-இல் யுனெஸ்கோ ஈக்வடாரின் தோக்கியா முடைதலை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் பனாமா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகன் கேட்பார். ஈக்வடாரின் தொப்பிகள் பெரும்பாலும் பனாமா நிலச்சந்தியைக் கடந்தே அட்லாண்டிக் பக்கம் போயின. 1849-இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டமும் அந்த வழியே சென்றது. வெயிலுக்கு அங்கே வாங்கிய தொப்பியை வாங்கிய இடத்தின் பெயரால் அழைத்தார்கள். 1906 நவம்பரில், கால்வாய் வெட்டும் இடத்தைப் பார்க்கச் சென்ற அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இத்தகைய தொப்பியோடு எடுத்துக்கொண்ட படம் உலகெங்கும் பரவியதும் பெயர் நிலைத்துவிட்டது. மோன்டெகிரிஸ்தியில் பிறந்து பின்னாளில் ஈக்வடாரின் அதிபரான எலோய் அல்ஃபாரோவின் குடும்பமே தொப்பி ஏற்றுமதியில் இருந்த குடும்பம். விற்ற இடத்தின் பெயர் நின்றது, முடைந்தவர்களின் ஊர்ப் பெயர் மறைந்தது. இந்த அநியாயத்தை உங்கள் வீட்டிலாவது சரிசெய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் சித்தப்பாவின் நினைவும் பொய்யில்லை. சைகோனில் வாங்கியதைச் சைகோன் தொப்பி என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பலவற்றிலிருந்து பிரெஞ்சு இந்தோசீனாவின் அலுவலகங்களுக்குப் போனவர்கள், பிரான்சிலிருந்து வந்து அங்கே விற்ற பொருள்களைப் பயன்படுத்தியிருப்பது இயல்பே. வியட்நாமியரின் சொந்தத் தொப்பி கூம்பு வடிவில், மூங்கில் வளையங்களின்மேல் இலைகளை வைத்துத் தைக்கப்படுவது. உங்களுடையதற்கும் அதற்கும் உறவில்லை.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அளவுகோலோடு கூடிய படத்தில் எண்ணியபோது ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு வரிசைகள் குறுக்கிலும் அதே அளவு நெடுக்கிலும் வருகின்றன, அதாவது சதுர அங்குலத்துக்கு நூற்று நாற்பதைச் சுற்றி. உயர்ந்த மோன்டெகிரிஸ்தித் தொப்பிகளில் இது ஆயிரத்தைத் தாண்டும். உங்களுடையது நல்ல, நேர்மையான நடுத்தர வேலைப்பாடு. இலட்சங்கள் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வணிகர்கள் சொல்லும் தர எண்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, கடைக்குக் கடை மாறும். அந்தத் தொப்பியின் மதிப்பு, அதோடு சேர்ந்திருக்கும் உங்கள் தாத்தாவின் பயணக் கதையில் இருக்கிறது.

நான்காம் படத்தில், முன்புறம் கிள்ளினாற்போல் குழிந்த இடத்தில் ஒரு விரிசல் தெரிகிறது. தொப்பியை உச்சியைப் பிடித்தே எடுத்தெடுத்து வைத்ததால் வந்தது அது. இனி இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். விரிசலுக்குக் கடைப் பசை எதையும் தடவாதீர்கள். ஓலைப் பொருள்களைப் பேணத் தெரிந்தவர், மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் உட்புறம் ஒட்டித் தாங்கல் கொடுப்பார், பின்னாளில் தேவைப்பட்டால் அதை நீக்கவும் முடியும். துருவேறும் டிரங்குப் பெட்டி இனி வேண்டாம். உச்சிக்குள் வெளுக்காத பருத்தித் துணியைப் பந்தாக வைத்து, விளிம்பில் பாரம் படாதபடி அட்டைப் பெட்டியில் கவிழ்க்காமல் மல்லாத்தி வையுங்கள். அந்துருண்டை இழையைத் தொடக் கூடாது. காரைக்காலின் கடற்காற்றில் பூஞ்சணம்தான் முதல் பகை, ஆகவே மாதம் ஒருமுறை திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். பனாமா என்றாலே சுருட்டிப் பைக்குள் வைக்கலாம் என்று யாராவது செய்துகாட்ட வந்தால் தடுத்துவிடுங்கள், எண்பது ஆண்டு உலர்ந்த இழை அதைத் தாங்காது.

குடும்பப் பதிவுக்கு ஓர் அட்டை எழுதி உடன் வையுங்கள். அதில் இப்படி எழுதலாம்: "தோக்கியா இழையில் கையால் முடைந்த தொப்பி. ஈக்வடாரின் குவெங்கா பகுதியில் முடையப்பட்டதாகக் கருதத்தக்கது. பட்டை பாரிஸ் கடையுடையது. 1930-களில் சைகோனில் வாங்கப்பட்டது." கீழே தாத்தாவின் பெயரை எழுதுங்கள்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஆறாம் படத்தில் தோல் பட்டையின் தையல் பின்பக்கம் இரண்டு அங்குல நீளத்துக்குத் தானாகவே விட்டிருக்கிறது. தையல் எதையும் வெட்டாமல், அந்த இடைவெளியை மட்டும் விரலால் மெல்ல விலக்கி, கைபேசி வெளிச்சத்தில் உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஏற்றுமதி செய்தவர்கள் மையால் இட்ட முத்திரையோ எண்ணோ பட்டைக்குப் பின்னால் வெளிச்சம் படாமல் பிழைத்திருப்பதுண்டு. நாட்டின் பெயர் அங்கே இருந்தால், 'கருதத்தக்கது' என்ற சொல்லை அட்டையிலிருந்து எடுத்துவிடலாம்.